எதற்குள் எது

மண் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பெயர் 'சொட்டு சார்'. புதிதாக வருகிறவர்கள் 'சொட்டை' என்று காதில் வாங்கிக்கொண்டு, தலை நிறைய முடியோடு வருகிறவரைப் பார்த்து விழிப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு ஒரே வேலை. உலோக உருளையில் களிமண்ணை அடித்து இறுக்கி, அதன்மேல் பொருத்திய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று குறித்துக்கொள்வார். அதுதான் அந்த மண்ணின் ஊடுருவுதிறன்.

அந்த வார்த்தை மனிதருக்கு உயிர். வாயைக் கொடுத்தவர்கள் தொலைந்தார்கள். செல்லின் சவ்வு எந்த உப்பை உள்ளே விடும், பாறை எண்ணெயை எப்படிக் கசியவிடும், இரும்பு காந்தப்புலத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கும், எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வார்த்தைதான் என்று டீ ஆறிப்போகும்வரை விளக்குவார். "எதுக்குள்ள எது போகுதுங்கறதுதான் கேள்வி" என்று முடிப்பார். ஊருக்கெல்லாம் சொன்னவர் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை, பாவி மனிதர்.

பெயின்ட் தொழிற்சாலை ஒன்றின் கழிவுக் குட்டைக்கு அடியில் கசிவைத் தடுக்கப் பரப்பிய களிமண்ணைச் சோதித்தவர் அவர்தான். பத்து நாளில் தண்ணீர் ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை. 'மிக மிகக் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் குட்டைக்கு அருகே மனை வாங்கத் தயங்கிய தங்கையிடம், "தைரியமா வாங்கு, நான் சோதிச்ச மண்ணு" என்றவரும் அவர்தான்.

போன திங்கட்கிழமை தங்கை ஒரு பாட்டிலோடு வந்தாள்.

"அண்ணா, கிணத்துத் தண்ணி ஒரு மாதிரி நாறுது. நாலு நாளா வெளியிலேர்ந்துதான் கொண்டுவரோம். குட்டையிலேர்ந்து கசியுமோ?"

"யாரைப் பார்த்து என்ன கேக்கற? புதுக் குழாய் போட்டீங்கல்ல, பிளாஸ்டிக் வாடை. போயி வேலையைப் பாரு."

அவள் நிம்மதியாகத்தான் போனாள். ஆனால் அவருக்கு ரோஷம் அடங்கவில்லை. தங்கை வாயை அடைக்கவென்றே குட்டையிலிருந்து ஒரு கேன் கழிவுநீர் வரவழைத்தார். அதே களிமண்ணில் மீதி இருந்ததை இறுக்கி, இந்தத் தடவை குழாய்த் தண்ணீருக்குப் பதில் கழிவுநீரை ஊற்றினார். முதல் இரண்டு நாளும் அசையவில்லை. பார்த்தாயா என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் கண்ணாடிக் குழாய் காலியாக இருந்தது.

எங்கோ உடைசல் என்று நினைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தன. மறுபடி நிரப்பினார். கண்ணெதிரே மளமளவென்று இறங்கியது. உருளையைத் திறந்தபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெயின்டைக் கரைக்கும் திரவம் பட்டுக் களிமண் சுருங்கி, மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது. குட்டையில் நிற்பது நல்ல தண்ணீர் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன! ஆனாலும் அன்றைக்கு ஊற்றியது நல்ல தண்ணீரைத்தான். வழக்கம் அப்படி. யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தங்கையின் போன் எண்ணை மூன்று தடவை தப்பாக அழுத்தினார்.

"அந்தத் தண்ணியைத் தொடாதே! கேக்குதா? தொடவே தொடாதே!"



"திங்கக்கிழமையே மறுபடி ஆரம்பிச்சுட்டோமே அண்ணா. பாப்பாவுக்குப் பால் பவுடர்கூட அதுலதான் கரைக்கறேன். குழாய் வாடைன்னு நீதானே சொன்னே?"