லீலாவதியின் இடது கை

ரவாங்கில் நான் ஒலிப்பதிவு செய்யும் ஸ்டூடியோவுக்கு லீலாவதி முதலில் வந்தது கோரஸ் பாடுவதற்கு. அன்று பேஸ் கிட்டார்காரர் வரவில்லை. அவள் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரே தடவையில் வாசித்து முடித்தாள். அதன்பிறகு கீபோர்டோ கிட்டாரோ, யார் வராவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவேன்.

புக்கிட் பெலிம்பிங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். லோரி ஓட்டிய அப்பா, அவள் பாடுவதைக் கேட்டாலே பெல்ட்டைக் கழற்றுவார். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு வந்து ஒரு கல்யாண இசைக்குழுவில் சேர்ந்தாள். குழுவை நடத்திய டிரம்ஸ்காரன் செல்வாவையே கட்டிக்கொண்டாள்.

செல்வாவும் அடித்தான். மேடையேறும்போது வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிப்பான். அவள் சொந்தமாக எழுதி மெட்டுப் போட்ட பாட்டைப் பதிவு செய்ய வந்த அன்று மட்டும் கணக்குத் தப்பிவிட்டது. உதடு கிழிந்து, முன்பல் பாதி போயிருந்தது. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"இன்னிக்கே எடுத்துருங்கண்ணே. வீட்டுக்குப் போயிட்டா திரும்ப விடமாட்டாரு."

எடுத்தேன். போலீசுக்குப் போகவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் உண்டு.

பாட்டு வானொலியில் பிடித்துக்கொண்டது. உடைந்த பல்லால் எழுந்த சீறலை அவளுடைய பாணி என்றே கேட்டவர்கள் நினைத்தார்கள். கல்யாண வீட்டார் குழுவை விட்டுவிட்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். செல்வாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கோலா சிலாங்கூரில் ஒரு மண்டபம். மதிய விருந்து நேரம். அறிவிப்பாளர் "லீலாவதி குழுவினர்" என்று சொல்லிவிட்டார். செல்வா டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான். சிம்பல் தட்டை மாட்டும் இரும்புக் கம்பியை உருவி, தலையைக் குறிவைத்து வீசினான். அவள் இடது கையைத் தூக்கித் தடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவன் மறுபடி ஓங்குவதற்குள், வலது கையால் பேஸ் கிட்டாரின் கழுத்தைப் பிடித்து அவன் முகத்தில் இறக்கினாள். தாடை உடைந்து, மேடைக்குக் கீழே பந்தியில் போட்டிருந்த வாழையிலைகளின் மேல் விழுந்தான். கீபோர்டு வாசித்த மாலா ஓடிவந்து அவளை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் விசாரிக்க வந்த போலீசிடம் அவள் எதையும் மறைக்கவில்லை.

"மாலா புடிக்கலன்னா இன்னொரு அடி போட்டிருப்பேன். அதோட செத்திருப்பாரு. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

தற்காப்பு என்று அவளை விட்டுவிட்டார்கள். செல்வாவுக்கு மூன்று வருடச் சிறை கிடைத்தது.

முறிந்த கைக்குள் கம்பி வைத்துச் சேர்த்தும் மணிக்கட்டு சரியாகத் திரும்பவில்லை, கிட்டார் போயிற்று. கீபோர்டை வலது கையால் மட்டும் வாசித்து, நிறையப் பாட்டு எழுதினாள். சிலவற்றை மற்றவர்கள் பாடினார்கள்.

போன மாசி மாதம் அவள் கோரஸ் பாடிக்கொண்டிருந்தபோது, தண்டனை முடிந்த செல்வா ஸ்டூடியோ வாசலுக்கு வந்தான். நான் எழுவதற்குள் அவளே போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"போலீசுக்குப் போன் போட்டாச்சு. நிக்கிறதா இருந்தா நில்லுங்க."

அவன் எறிந்த கல் ஜன்னலை உடைத்து என் நெற்றியையும் கிழித்தது. இரண்டாவது கல்லை எடுக்கும்போது போலீஸ் வந்துவிட்டது. விலங்கு மாட்டி ஏற்றிப் போனார்கள். கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளினோம். என் நெற்றிக்குத் துணி கட்டிவிட்டு, பாதியில் நின்ற கோரஸைப் பாடி முடித்தாள்.