கப்பலின் பக்கத்தில் தொங்கும் வலை

ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோரக் காவல் கப்பல்களின் சிறு மாதிரிகள் செய்வது என் பழக்கம். மலைநாட்டுப் பொகவந்தலாவையில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். முன்பு நீர்கொழும்பில் மீன்பிடிப் படகொன்றில் சமையல் வேலை பார்த்தவர். படகு கவிழ்ந்தபோது, காவல் கப்பல் ஒன்று அவரை மட்டும் காப்பாற்றியது. அதோடு ஊர் திரும்பிவிட்டார். அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டார்.

மேசையிலிருந்த வெள்ளைக் கப்பலை வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு தம்பி. வலையத்தான் காணோம்" என்றார்.

"என்ன வலைண்ணே?"

"தண்ணியில கெடக்குறவங்க புடிச்சு ஏறுறதுக்குப் பக்கத்துல தொங்க விடுவாங்க. நான் அதுலதான் ஏறுனேன். கை வெறைச்சுப் போச்சு. மேலேயிருந்து ஒருத்தர் சட்டையப் புடிச்சு இழுத்தாரு."

மாதிரி செய்ய நான் பார்த்த படங்களில் அந்த வலை இல்லை. தையல் நூலை முடிச்சுப் போட்டு ஒன்று பின்னினேன். தண்ணீரைத் தொடும் அளவுக்கு நீளமாக்கச் சொன்னார். ஒட்டியதும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். பிறகு, அன்று படகில் தன்னோடு இருந்த மற்ற மூவரைப் பற்றி முதல்முறையாகச் சொல்லத் தொடங்கினார். நான் பசையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.