திரும்பப் பெற்ற ஒப்புதல்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் திரும்பும் பஸ்ஸில்தான் மணிமொழிக்கு அது உறைத்தது.

உடையார்பாளையத்து முந்திரி விவசாயியின் மகள் அவள். கம்ப்யூட்டரின் அடித்தளமான கெர்னல் மென்பொருளில் மற்றவர்கள் செய்யும் திருத்தங்களைப் படித்துப் பிழை சொல்வது பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. பெங்களூர் கம்பெனிக்கு அரியலூர் வீட்டிலிருந்தே செய்தாள். மணிமொழி பார்த்துவிட்டாள் என்றால் யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

முந்தின நாள் டீம் மூத்தவர் அண்ணாதுரையின் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தாள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தாமலே புது மெமரி சேர்க்கும் திருத்தம். சேர்த்ததும் அந்த மெமரி இருக்கும் இடத்தைக் கெர்னல் பதிந்துகொள்ளும். சேர்ப்பது பாதியில் தோற்றால் அந்தப் பதிவை அழிக்க வேண்டும். அழிக்கும் நிரல் வரியைப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை; பஸ்ஸில் உறைத்தது அதுதான். அன்று நாலு மணிக்குத் திருத்தம் எல்லோருக்குமான தொகுப்பில் சேர்ந்துவிடும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டரை. செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தாள். அந்த வரி இல்லை.

சோதனைச் சர்வர் ஒன்றை ஓட்டி, மெமரி சேர்ப்பதை வேண்டுமென்றே பாதியில் தோற்கடித்தாள். மூன்று முறை செய்தும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணாதுரைக்குப் போன் போட்டாள்.

"சார், அதைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. பாதியில தோத்தா பதிவு அப்படியே கெடக்குது."

"நேத்து நீதானம்மா ஓகே போட்ட? ரெண்டு வாரமா டெஸ்ட் ஓடுது. சர்வர் விழுந்துச்சா?"

"இன்னும் விழலீங்க."

"விழுந்தா சொல்லு."

போனை வைத்துவிட்டார். மிஞ்சிக் கிடக்கும் பதிவை யாராவது நம்பித் தொட்டால்தானே விழும்? பதிவிலுள்ள இடங்களையெல்லாம் தொட்டுப் பார்க்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதினாள். மூன்றே முக்காலுக்கு ஓட்டினாள். இல்லாத மெமரியைத் தொட்ட அந்தக் கணமே சர்வர் விழுந்தது.

எல்லோரும் படிக்கும் மடல் குழுவுக்கு எழுதினாள்: 'நேற்று நான் கொடுத்த ஒப்புதல் தவறு. திரும்பப் பெறுகிறேன். ஆதாரம் கீழே.' பன்னிரண்டு வருடப் பெயர். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

மூன்று ஐம்பத்தேழுக்கு அண்ணாதுரையின் மடல் வந்தது: 'பிழை என்னுடையது. திருத்தத்தைச் சேர்க்க வேண்டாம்.'

பிறகு போனும் வந்தது.

"தோத்துப்போற வழிய நான் ஓட்டியே பாக்கலம்மா."

"நானும் படிக்காம விட்டுட்டேன் சார்."

அடுத்த வாரம் புதுத் திருத்தம் வந்தது. மூன்று நாள் எடுத்துக்கொண்டு படித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.