கையில்லாத சட்டைகள்

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் என் வீட்டுக்காரர் தாமாகவே எங்களை வெளியே கூட்டிப்போகிறேன் என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. எனக்குச் சந்தேகம் வந்ததும் அதனால்தான்.

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவர் பள்ளிக்கூட வாத்தியார். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. புதுக்கோட்டையில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், ராட்சச ராட்டினம் வந்திருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். சொன்ன மறுநாளே இரண்டு பேருக்கும் புதுச் சட்டை தைத்து வந்தது. இரண்டிலும் கை இல்லை.

“என்னங்க, துணி பத்தலையா?” என்று கேட்டேன்.

“பொருட்காட்சில கூட்டமா இருக்கும். புழுங்கும்ல.”

அது தை மாதம். காலையில் போர்வையை விட்டு வெளியே வரமுடியாத பனி. நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போய்விட்டார்.

புறப்படுகிற அன்று காலையில் இரண்டு பிள்ளைகளின் கழுத்தையும் தொட்டுப் பார்த்தார். “மேலு சுடலையே?” என்றார். சுடவில்லை என்றேன். “மாத்துத் துணி ஒன்னு எடுத்து வச்சுக்க” என்றார். துணியை மடித்துப் பையில் வைக்கும்போதுதான் எனக்கு நாத்தனார் ஞாபகம் வந்தது.

புதுக்கோட்டையில் என் நாத்தனார் இருந்தார். பிள்ளை இல்லாதவர். பொங்கலுக்கு வந்தபோது மகனை மடியில் வைத்துக்கொண்டு, “இவன எங்கிட்ட விட்டுருங்களேன், டவுன்ல நல்லாப் படிக்க வைக்கிறேன்” என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். இவர் முடியாது என்று சொல்லவில்லை. புதுச் சட்டை, மாத்துத் துணி, உடம்பு சுடுகிறதா என்ற விசாரிப்பு எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரே கணக்காகத்தான் வந்தது. பஸ்ஸில் மகனை மடியை விட்டு இறக்கவில்லை. இவர் தூக்கிக்கொள்கிறேன் என்று கையை நீட்டினார். “வேணாம், அவன் எங்கிட்டயே இருக்கட்டும்” என்றேன்.

பொருட்காட்சி வாசலிலேயே ராட்டினம் தெரிந்தது. மகள் குதித்தாள். “அப்புறம் ஏறலாம், மொதல்ல அங்கிட்டு போவோம்” என்று இவர் கொட்டகைகள் பக்கம் நடந்தார். குதிரை ராட்டினத்துக்கும் அதே பதில். பஞ்சுமிட்டாய்க்கும் அதே பதில். யாரையோ தேடுகிற மாதிரி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். கூட்டத்தில் நாத்தனார் தலை தெரிகிறதா என்று நானும் பார்த்தேன்.

கடைசியில் ஒரு கொட்டகை முன்னால் நின்றார். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து வந்து கும்பிட்டார். “வாங்க சார். காலையிலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். பிள்ளைக ரெண்டும் இதுகதானா?”

அவருக்குப் பின்னால் ஒரு மேசை. அதன்மேல் ஸ்பிரிட் விளக்கு, பஞ்சு, முள் வைத்த சின்ன வட்டத் திருகி. பார்த்ததும் புரிந்துவிட்டது. அம்மை குத்துகிறவர்.

எங்கள் ஊருக்கு அம்மை குத்த வந்த இரண்டு தடவையும் நான் பிள்ளைகளை மாட்டுக்கொட்டிலில் ஒளித்து வைத்தவள். இலுப்பூர் பக்கம் என் பிறந்த வீட்டில் என் தம்பிக்குக் குத்தி, கை புண்ணாகி, ஒரு மாதம் சீழ் வடிந்ததைப் பார்த்து வளர்ந்திருந்தேன். “வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கே குத்தலைன்னா ஊருல எவன் கைய நீட்டுவான்?” என்று இவர் எத்தனையோ முறை கத்தியும் நான் மசியவில்லை.

மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மகனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே ராட்டினத்துக்கு ஓடினேன். “காசு பின்னாடி வாரவரு குடுப்பாரு” என்று சொல்லித் தொட்டியில் ஏறி உட்கார்ந்தேன். இவர் வந்து சேர்வதற்குள் தொட்டி மேலே போய்விட்டது.

மேலே போனதும் அடிவயிறு காலியான மாதிரி இருந்தது. மகன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மகள், “ஆத்தா, அந்தா கோயில் கொளம்!” என்று கத்தினாள். நான் கீழேதான் பார்த்தேன். இவர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் காக்கிச் சட்டைக்காரர், எத்தனையோ பேரைத் துரத்திப் பழகியவர் போல, நிதானமாக நின்றார். ராட்டினம் எப்படியும் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஒவ்வொரு சுற்றிலும் தொட்டி கீழே வரும்போது இவர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கையில் அம்மை குத்திய தழும்பு ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

ராட்டினம் நின்றது. இறங்கியதும் கேட்டேன். “அக்கா வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்.”

“அக்கா திருச்சிக்குப் போயி பத்து நாளாச்சே. எதுக்கு?”

“ஒன்னுமில்ல. ஒங்க சட்டைக் கைய மடக்குங்க.”

“ஏன்?”

“மடக்குங்க. தழும்பு எங்க இருக்கு, காட்டுங்க.”

அவர் முகம் சுண்டிப்போனது. “சின்னப்பிள்ளையில குத்த வந்தப்ப எங்க ஆத்தா கொல்லைப் பக்கமா தூக்கிட்டு ஓடிட்டாங்களாம்” என்றார்.

காக்கிச் சட்டைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “என்ன சார், ஊரையே வரிசையா நிறுத்தி வச்சீங்க, ஒங்களுக்குக் குத்தலையா?”

“மொதல்ல ஒங்களுக்கு. நான் கண்ணால பாக்கணும். அப்பறந்தான் பிள்ளைக” என்றேன்.

முக்காலியில் உட்கார்ந்தபோது அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. திருகியைக் கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றியதும் பல்லைக் கடித்துக்கொண்டு, “வலிக்கவே இல்ல” என்றார். மகள் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, “அப்பா அழுவுறாரு” என்றாள். அவளே அடுத்துக் கையை நீட்டினாள். மகன்தான் பொருட்காட்சியே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினான். கடைசியில் நானும் நீட்டினேன். மூன்று பேருக்கு ஆன பிறகு நான் மட்டும் தப்பிப்பது சரியாகப் படவில்லை.

நாலைந்து நாளில் எல்லோருக்கும் கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. இவருக்குத்தான் அதிகம். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பாயில் சுருண்டு கிடந்தார். கஞ்சி கொடுக்கும்போதெல்லாம், “ஏமாத்தித்தானே கூட்டிப் போனீங்க” என்று கேட்டேன். “ஆமா” என்பார்.

பங்குனியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி அம்மை வந்தது. ஒரு குழந்தை தவறிப்போனது. தினமும் விடிந்ததும் என் பிள்ளைகளின் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தேன். குத்தினால் வராது என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. வெயில் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினேன். அதே வாரம் எங்கள் கொல்லையில் வெட்டிய வாழைத்தாரில் ஒன்றை அந்தக் காக்கிச் சட்டைக்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன்.

“ரெண்டு பேருக்குமா?” என்றார் இவர்.

“காப்பாத்துனது யாருன்னு எனக்கு எப்புடித் தெரியும்?” என்றேன்.

அவர் தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.