கால் நாட்டிய பிறகு

இரண்டாயிரம் பிறந்திருந்த சமயம். கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். க-வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டால் கா. போட மறந்தால் பால் பல்லாகிவிடும், மாடு மடுவாகிவிடும். "கால் எங்கலே?" என்று நாளெல்லாம் கத்தித் தொண்டை கட்டியதில் அந்தச் சொல்மேல் எனக்கு ஒரு கிறுக்கே பிடித்தது. அகராதியைப் புரட்டினால் அது முடிவதாயில்லை. கட்டிலைத் தாங்குவதும் கால், பந்தலைத் தாங்குவதும் கால், தண்ணீர் ஓடும் வழியும் கால், ஒன்றை நாலாகப் பங்கு வைத்தால் ஒரு பங்கும் கால். பழைய தமிழில் காற்றுக்கும் அதே பெயர். காலுவது என்றால் கக்குவது. காலன் மட்டும் வடக்கேயிருந்து வந்தவன் என்று பண்டிதர்கள் சொல்கிறார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, வந்துவிடுகிறான்.

எங்கள் ஊர் விளாத்திகுளம் போகிற பாதையில் பஸ்ஸை விட்டிறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். அய்யா சிறு வயதில் ஆடு மேய்த்தவர், பிறகு மிளகாயும் கம்பும் போட்டார். கால்நடை என்ற சொல் இரண்டு அர்த்தத்திலும் அவருக்குத்தான் பொருந்தும். ஐம்பதுக்கு மேல் சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போனது. மாசிக் கடைசியில் ஒரு நாள் அம்மா வீடு கூட்டும்போது தரையெல்லாம் ரத்தச் சுவடு பார்த்தாள். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு உடைமரத்து முள் அய்யாவின் உள்ளங்காலுக்குள் போயிருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. வலித்தால்தானே தெரியும்.

அடுத்த வாரம் பங்குனிப் பொங்கலுக்குக் கால் நாட்டினார்கள். அம்மன் கோவில் முன்னால் ஒரு பச்சைக் கம்பை ஊன்றி மஞ்சள் துணி கட்டுவதுதான் கால் நாட்டுவது. நாட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுதடைய வீட்டில் இருக்க வேண்டும். மீறினால் மீறியவனோடு போகாது, ஊருக்கே மழை தப்பும் என்பார்கள். மானாவாரிப் பூமியில் மழையைக் காட்டிப் பயமுறுத்தினால் பயப்படாதவர் யார்? கம்பைச் சுற்றி மண்ணைத் தள்ளி மிதித்துக் கெட்டித்தவர்களில் அய்யாவும் ஒருவர். காலில் கட்டோடு மிதித்தார்.

மறுநாள் கட்டு நனைந்து மஞ்சளாக இருந்தது. சண்டை போட்டுக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னைக்கே பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேத்துருங்க. ரெண்டு விரலோட முடிஞ்சுரும். தள்ளிப் போட்டா கால் தங்காது" என்றார்.

அய்யா செருப்பை மாட்டிக்கொண்டார். "பொங்கல் முடியட்டும்."

வீட்டில் விடிய விடிய அதே பேச்சுதான். "ஆஸ்பத்திரில படுக்கது ராத்தங்கினதுல சேராது அய்யா" என்றேன்.

"படுக்கதுக்குப் பேரு வேற என்னட்டி?"

அய்யாவின் தம்பி, என் சித்தப்பா, பக்கத்து வீடு. அவரும் சொல்லிப் பார்த்தார். "போயிருங்கண்ணே, சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"சாமிகிட்ட சொல்லிருவ. ஊர்ல என்ன சொல்லுவ? ஐப்பசில மழ நின்னா எல்லாரும் யாரு வாசல்ல வந்து நிப்பாவ?"

அவர் பயந்தது அம்மனுக்கு இல்லை, ஊர் வாய்க்கு. அது எனக்கு அப்போதே புரிந்தது. போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். எல்லோரும் சொல்கிற வழக்குதான், இன்று எழுதக் கை கூசுகிறது.

அந்த நாட்களை எப்படிக் கழித்தோம் என்று கேட்டால் மூக்கால் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பினாள், மூலைக்கு மூலை சாம்பிராணி போட்டாள். அந்த வாடை சாம்பிராணியைத் தாண்டி வந்தது. விரல்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்தன, பிறகு பாதமும். வெளியே கும்மிப் பாட்டும் மேளமும். எங்கிருந்தோ வந்த ஒரு தெருநாய் அய்யாவின் கட்டிலடியில் படுத்துக்கொண்டது. விரட்டினால் வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. சோறு வைத்தால் தொடவில்லை. அது எதற்குக் காத்துக் கிடக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா அதைக் கல்லால் அடித்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

பொங்கல் முடிந்து கம்பைப் பிடுங்கிய அன்றைக்கே அம்மாவும் சித்தப்பாவும் நானும் அவரை வாடகைக் காரில் ஏற்றினோம். அய்யாவுக்கு அப்போது நினைவு தப்பித் தப்பி வந்தது. பாளையங்கோட்டையில் பெரிய டாக்டர், "இத்தனை நாளா என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"ஊர்ல பொங்கலுங்க" என்றாள் அம்மா.

உடனே முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

எடுத்ததை என்ன செய்வார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. வார்டு ஆள் துணியில் சுற்றிய பொட்டலத்தோடு வெளியே வந்து, "சொந்தக்காரங்க யாரு? வாங்கிக்கிடுங்க" என்றார். சித்தப்பா கை நீட்டவில்லை. நான் வாங்கினேன். அவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கவில்லை. "நம்ம மண்ணுலயே வச்சிருவோம்" என்றார் சித்தப்பா. அம்மாவை அய்யாவோடு விட்டுவிட்டு அதே காரில் ஊருக்கு வந்தோம். பொட்டலம் என் மடியில் இருந்தது.

பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று சித்தப்பா தொடங்கினார். "செத்தது யாரு சித்தப்பா?" என்றேன். அவர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். ஒரு காலை எந்தத் திசை பார்த்து வைப்பது, தண்ணீர் தெளிப்பதா, பிடிமண் போடுவதா, எதற்கும் எங்கள் ஊரில் முறை இல்லை. காய்ந்து வெடித்த கரிசலில் கடப்பாரை எகிறி எகிறி விழுந்தது. புதைத்துவிட்டுக் குளித்தோம். குளிக்க வேண்டுமா என்பதும் தெரியாது.

காலையில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அய்யா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உசுரோட இருக்கவர் காலக் கொண்டாந்து வச்சிருக்கிய. மண்ணு ருசி கண்டுட்டா மீதியையும் கேக்கும். ஊருக்கு ஆகாது, மழ தப்பும். இன்னைக்கே தோண்டி எடுத்து எல்லைக்கு அந்தாண்ட கொண்டுபோயிருங்க."

நான் கத்தினேன். இந்த ஊருக்குப் பயந்துதானே அந்தக் கால் போனது என்று தெருவே கேட்கக் கத்தினேன். கேட்டதும் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சரி அண்ணாச்சி" என்றார். அவர் அந்த ஊரில்தானே குடியிருக்க வேண்டும்.

நான் பஸ் ஏறிவிட்டேன். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அய்யா தெளிவாக இருந்தார்.

"எங்கன வச்சிய?"

"நம்ம ஊர்லதான் அய்யா."

"ஊர்ல ஏதும் சொல்லுதாவளா?"

போர்வையை இழுத்து மூடிவிட்டேன். "எல்லாரும் உங்களத்தான் கேட்டாவ."

அய்யா முகம் மலர்ந்தது. முள் குத்திய நாளிலிருந்து அன்றுதான் சிரித்தார். "கேக்காம இருப்பாவளா? கால் நாட்டின பொறவு ஒரு ராத்திரி நான் எல்லை தாண்டலல்லா."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்நேரம் ஊரில் சித்தப்பா மூடிய குழியை மறுபடி தோண்டிக்கொண்டிருந்தார்.