தண்ணீர் ஊற்றிய யூடிகோலான்

ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று சேதி பரவினால் போதும், எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிடும். தேக்கு அலமாரிக்கு வந்தார்கள். தொங்கு விளக்குக்கு வந்தார்கள். கால் ஆடும் நாற்காலிக்குக்கூடப் பழஞ்சாமான் வியாபாரிகள் இருவர் அடித்துக்கொண்டார்கள். பாதி தேய்ந்த சோப்புக்கு யார் வருவார்? மட்டாஞ்சேரி யூதத் தெருவிலிருந்து ரேமாம்மா இஸ்ரேலுக்குக் கிளம்பிய அந்த வாரத்தில் குளியலறைச் சாமான்கள் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தன. ஒரு சந்தன சோப்பு, அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த பவுடர் டப்பா, பிதுக்கிப் பிதுக்கி வாலைச் சுருட்டிய பற்பசை, தலைத் தைலம், முக்கால் குப்பி யூடிகோலான் வாசனைத் திரவம்.

"காளீ, இதொக்கெ நீ கொண்டுபோ. பாதி தீர்ந்தது வேற ஆருக்கு வேணும்?" என்றார் ரேமாம்மா. யூடிகோலான் குப்பியை மட்டும் தனியாக எடுத்து, வேலைக்காரி காளியம்மையின் கையில் வைத்தார். "இதும் எடுத்தோ. செத்துப்போன மூக்குக்கு இது எதுக்கு?"

அந்தக் குப்பியில் இருந்தது பெரும்பாலும் தண்ணீர். ஊற்றியவள் அவளேதான்.

காளியம்மை சங்கரன்கோயில் பக்கத்துக்காரி. புருஷன் பாலையா கொச்சிக்கு இஞ்சிக் கிட்டங்கியில் மூட்டை தூக்க வந்தவன். கல்யாணமான கையோடு இவளையும் மட்டாஞ்சேரியை ஒட்டிய சுள்ளிக்கல்லுக்குக் கூட்டிவந்தான். காலையில் இறால் உரிக்கும் கொட்டகை, மத்தியானத்துக்கு மேல் ரேமாம்மா வீடு. இறால் நாற்றம் எந்தச் சோப்புக்கும் மசியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்துவாள். பள்ளிக்கூட வாசலில் பெற்ற மகள் கமலாக்ஷியே கையை உதறிவிட்டு ஓடினாள். அன்றைக்குத்தான் முதல் சொட்டு. குளியலறையைக் கழுவ வந்தவள், பம்பாயிலிருந்து ரேமாம்மாவின் தங்கை கொடுத்தனுப்பிய யூடிகோலானைத் திறந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டாள். சாயங்காலம் மகள் அந்தக் கையை மோந்து பார்த்துச் சிரித்தாள். போதாதா?

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். நக்கியதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு சொட்டு தினமும் இரண்டு சொட்டாகி, பாலையாவுக்குக் காய்ச்சல் கண்டபோது நெற்றித் துணிக்கு ஒரு சிறங்கையாகி, குப்பி இறங்கத் தொடங்கியது. இறங்கிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றினாள். உள்ளே இருந்தது கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்துப்போனதும் பயந்துதான் போனாள். நல்லவேளை, ரேமாம்மாவின் கண்ணில் புரை. நிறம் தெரியவில்லை.

தெரிந்தது வேறு. சனிக்கிழமை அந்தியில், யூதர்களின் ஓய்வுநாள் முடியும் நேரம், ஏதாவதொரு வாசனையை மோந்து ஜெபம் சொல்வது அவர்கள் வழக்கம். ரேமாம்மாவின் வீட்டுக்காரர் அதற்கு யூடிகோலானைத்தான் வைப்பாராம். அவர் போனபின் ரேமாம்மாவும் அதையே கைக்குட்டையில் விட்டுக்கொள்வார். ஒரு சனிக்கிழமை கைக்குட்டையை இரண்டு மூன்று தரம் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுப்புப் பற்றவைக்க வந்த காளியம்மையிடம் நீட்டினார்.

"எடீ, இது மணக்குதோ?"

'மணக்கல அம்மா' என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை, பழியும் வந்திருக்காது. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். குறுகுறுத்த நெஞ்சு முந்திக்கொண்டது.

"கும்முனு மணக்குதேம்மா!"

"அப்போ என் மூக்குதான் போச்சு," என்றார் ரேமாம்மா. மணக்காததை மோந்து ஆண்டவனுக்கு எப்படி நன்றி சொல்வது? அதன்பின் அந்த ஜெபத்தையே விட்டுவிட்டார். தெரு முழுக்க இஞ்சியும் மிளகும் நெடியடிக்கும் ஊரில், மற்ற வாசனையெல்லாம் தெரிகிறதா என்று யார் சோதித்தார்கள்? வயசானவர்களுக்கு ஒன்று போய்விட்டது என்று தோன்றிவிட்டால் போனதுதான்.

அதுவரை ரேமாம்மா அசையாதவர். தெருவில் ஒவ்வொரு வீடாக இஸ்ரேலுக்குக் குடிபோய்க் காலியானபோதும், "என்டெ ஆள் இந்த மண்ணில கிடக்கார். நான் எங்கெ போறது?" என்பார். தங்கை மகன் ஏலியாஸ் வருஷாவருஷம் பம்பாயிலிருந்து வந்து, தங்களோடு இஸ்ரேலுக்கு வரச்சொல்லி மன்றாடித் தோற்றுப்போவான். எழுபத்தேழு மழைக்காலத்தில் அவன் வந்திருந்தபோது ரேமாம்மா ஸ்டவ்வில் பாலை வைத்துவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தார். பால் தீய்ந்து பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை.

"மணம் தெரியாத ஆள் தனியா எப்படி இருக்கும் ஆன்ட்டி? நாளைக்கு வீடே பத்திக்கிட்டா?" என்றான் ஏலியாஸ்.

ரேமாம்மா முதல் முறையாக எதிர்த்துப் பேசவில்லை. "மூக்கும் போச்சல்லோ. சரி, வரேன்," என்றார்.

அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த காளியம்மை எல்லாவற்றையும் கேட்டாள். சொன்னால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள். எசமானியே போகும்போது வேலை எங்கே நிற்கும் என்ற கணக்குகூட அப்போது அவளுக்குப் பிடிபடவில்லை.

இப்போது அந்தச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோனதும், பாலையா சந்தன சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். மணக்க மணக்கக் குளித்துவிட்டு வந்து, "பெரிய மனசுக்காரி. போறப்பவும் நம்மள நெனச்சிருக்கா பாரேன்," என்றான். காளியம்மை மறுநாள் கொட்டகைக்குப் போகாமல் போட் ஏறி எர்ணாகுளம் போய், தீபாவளிச் சேலைக்கு வைத்திருந்த பணத்தில் பிராட்வே கடைத்தெருவில் அதே யூடிகோலான் வாங்கினாள். பழைய குப்பியைச் சாக்கடையில் கவிழ்த்துக் கழுவிப் புதியதை அதில் ஊற்றினாள். மூக்கு நன்றாக இருக்கிறதென்று தெரிந்தால் அம்மா போகமாட்டார் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. வீடு கைமாறிவிட்டது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

கிளம்பும் நாள் காலையில் டாக்சி வாசலில் நின்றது. காளியம்மை கைக்குட்டையில் நாலு சொட்டு விட்டு நீட்டினாள்.

"ஒருக்கா மோந்து பாருங்கம்மா."

ரேமாம்மா அவள் மனசுக்காகத்தான் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். கண் நிறைந்தது.

"ஏலியாஸே! மணக்குதுடா! தெய்வம் என் மூக்கைத் திரும்பத் தந்நு!" சிறுபிள்ளை மாதிரி கத்தினார். விட்டுப்போன ஜெபத்தை அங்கேயே நின்று, கைக்குட்டையைப் பிடித்தபடி சொன்னார்.

தன் திருட்டுக்குத் தெய்வத்துக்கு நன்றி போவதைக் காளியம்மையால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"தெய்வம் தரலம்மா. உங்க மூக்கு கெடவே இல்ல. நாந்தான் எடுத்துப்புட்டுத் தண்ணி ஊத்துனேன். மணக்குதுன்னு பொய் சொன்னேன்."

ரேமாம்மா கைக்குட்டையை இறக்கினார். "அப்போ பால்?"

"அன்னிக்கு நீங்க உறங்கிட்டிருந்தீங்கம்மா. உறங்கையில யாருக்குத்தான் மணம் தெரியும்?"

ஏலியாஸ் விமானத்துக்கு நேரமாகிறதென்று அவசரப்படுத்தினான். ரேமாம்மா காதில் வாங்காமல் உள்ளே திரும்பிப் போனார். காலி அறைகளில் ஒவ்வொன்றாக நின்று மூச்சை இழுத்தார். அடுப்படியில் நின்றார், வீட்டுக்காரர் படுத்திருந்த அறையில் வெகுநேரம் நின்றார். காளியம்மை வாசலில் காத்திருந்தாள். கன்னத்தில் ஓர் அறை விழுந்தால்கூட நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பாள்.

ரேமாம்மா வந்து டாக்சியில் ஏறினார். காளியம்மைதான் கதவைச் சாத்தினாள். கண்ணாடி இறங்கியிருந்தது.

"அன்னைக்கே நீ பறஞ்சிருந்தா, நான் எங்கெயும் போகாம இந்த வீட்டிலதான் கிடந்து மரிச்சிருப்பேன் காளீ," என்றார் ரேமாம்மா.

அதில் கோபம் இல்லை. டாக்சி விமான நிலையம் இருக்கும் ஐலண்டுப் பக்கம் திரும்பியது. வீட்டை வாங்கியவர் சாவிக்கு மத்தியானம்தான் வருவார். அதுவரை காளியம்மை உள்ளே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.