கழுத்து திரும்பாத டேபிள் ஃபேன்

மச்சினன் மகளின் காதுகுத்தை வீடியோ எடுக்கப் புது ட்ரைபாட் வாங்கினேன். கேமரா உட்காரும் அதன் தலைக்குள் கெட்டியான எண்ணெய் இருக்கிறதாம். கைப்பிடியைத் தள்ளினால் வெடுக்கென்று திரும்பாது. வெல்லப்பாகுக்குள் கரண்டி போவதுபோல் மெல்ல நகரும். என் படத்தில் சொந்தக்காரர்கள் நடுங்காமல் தெரிந்தது அன்றுதான்.

அந்த மெல்லிய இழுப்பு கையில் பட்டதும் நான் வளர்ந்த திருநகர் வீட்டு டேபிள் ஃபேன் ஞாபகம் வந்தது. உள்ளே பல்சக்கரம் தேய்ந்து, அதன் கழுத்து தானாகத் திரும்பாது. மே மாத மதியங்களில் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டுக் கையால் திருப்புவார். வரிசையாகப் படுத்திருக்கும் எங்களுக்கு ரேஷன் கடை நியாயத்தோடு காற்று வரும்.

ஒருநாள் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். “ஏம்ப்பா, அம்மாகிட்ட மட்டும் எம்புட்டு நேரம் நிக்கிது?”

அடுப்படி வேலை முடித்து அம்மா அப்போதுதான் வரிசைக் கடைசியில் சாய்ந்திருந்தாள். அவளைப் பெயர் சொல்லிக்கூட அப்பா கூப்பிட்டதில்லை.

“அந்த எடத்துல எண்ணெ இறுகிக் கெடக்கு. பேசாமப் படு” என்றார்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அடக்கிய சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

நேற்று காதுகுத்து வீடியோவை டிவியில் போட்டோம். பந்தி வரிசையில் சீராக நகர்ந்த படம், பாயசம் பரிமாறிய என் மனைவியிடம் வந்ததும் நின்றுவிட்டது.

“என்னப்பா, அம்மாகிட்ட மட்டும் இம்புட்டு நேரம்?” என்றாள் மகள்.

“அந்த எடத்துல எண்ணெ இறுகிருச்சு” என்றேன்.

“போன வாரந்தான வாங்குனீங்க?” என்றாள் மனைவி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.